கருப்பட்டிக் காப்பி

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் என் மனைவிக்குச் சுகர் பார்க்க ரத்தம் கொடுத்துவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தோம். அவள் பழைய வாரப் பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தாள். நான் டாக்டரம்மா அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அம்மாவுக்குச் சுகர் முற்றி ஒரு காலை எடுத்தபோது கூட நின்றவன் நான். ஆறு மாசத்துக்கு முன்னால் டாக்டரம்மா இவளுக்கும் பார்டரில் இருக்கிறது, சாப்பாட்டிலேயே கட்டுப்படுத்திவிடலாம் என்று சொன்னார். அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் கிடையாது.

அன்றைக்கே சீனி டப்பாவைக் கவிழ்த்தேன். அடுப்படியை நானே எடுத்துக்கொண்டேன். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் அதட்டிப் பழகிய வாய் சும்மா இருக்குமா? ‘ஏட்டி, சோத்தைக் குறை. பாவக்காயை ஒதுக்காத. வெந்தயத்தை மென்னு முழுங்கு.’ தங்கை வீட்டுக் கல்யாணத்தில் அவள் ஒரு முந்திரிக்கொத்துப் பலகாரத்தை எடுத்தாள். எல்லார் முன்னாலும் கையிலிருந்து பிடுங்கினேன். முகம் சுருங்கிப்போனது. கோவித்தால் கோவிக்கட்டும், கால் மிஞ்சினால் போதும் என்று இருந்துவிட்டேன்.

காப்பியை மட்டும் விட முடியாது என்றாள். அதற்கும் வழி வைத்திருந்தேன். திருச்செந்தூர் போகும்போதெல்லாம் நல்ல கருப்பட்டியாகப் பார்த்து வாங்கி வந்தேன். சுக்கும் மல்லியும் தட்டிப் போட்டு, தினம் நாலு வேளை நானே காய்ச்சிக் கொடுத்தேன். மருந்துதானே என்று தாராளமாகவே போட்டேன்.

முடிவு வந்ததும் உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டரம்மா தாளை இரண்டு தடவை பார்த்தார். “கூடியிருக்கே. என்ன சாப்பிடுதீங்க?”

அவள் வாய் திறக்குமுன் நான் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். “காப்பிக்கும் கருப்பட்டிதான். சீனி வீட்டுக்குள்ளயே கிடையாது.”

“எவ்வளவு போடுதீங்க?”

உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

“சார், கருப்பட்டியும் ரத்தத்துல சர்க்கரையைத்தான் ஏத்தும். இனி மாத்திரை ஆரம்பிச்சிருவோம்.”

வெளியே வந்ததும் படியில் உட்கார்ந்துவிட்டேன். காப்பாற்றுகிறேன் என்று நானே அல்லவா தினமும் ஊற்றிக் கொடுத்திருக்கிறேன்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். “எனக்கு அந்த வாடையே ஆகாது. முதல் நாள்ல இருந்தே கொமட்டும்.”

“பெறகு எதுக்குக் குடிச்ச? வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லலாம்லா?” அந்த நேரத்திலும் எனக்குக் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது.

“சொன்னா நீங்க கேப்பீங்களா?”

கேலியாகக் கேட்கவில்லை. பதிலுக்குக் காத்திருந்தாள். பிறகு எழுந்து செருப்பை மாட்டினாள். பஸ் நிற்கும் இடம்வரை அவள் கால்களையே பார்த்துக்கொண்டு பின்னால் நடந்தேன்.