பத்துச் சட்டைகள்

என் அண்ணிக்குச் சலவைக் கடையில் வேலை. முன்னால் கவுண்டர், நடுவில் இயந்திரங்கள், கடைசியில் ஜன்னலே இல்லாத ஓர் அறை. அந்த அறையில் ஒரு நீள மேசை. துவைத்துக் காய்ந்த துணிகள் அதன்மேல் மலையாகக் கிடக்கும். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய சீட்டு ஊக்கால் குத்தியிருக்கும். சீட்டைப் பார்த்து, யார் துணி யாருக்கு என்று பிரித்து அடுக்க வேண்டியது அண்ணியின் பொறுப்பு. இயந்திரத்தில் சுற்றும்போது சில சீட்டுகள் கழன்று தொலைந்துவிடும். மற்றவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். அண்ணி துணிமேல் உள்ளங்கையை வைத்துச் சற்று நிற்பாள். "இது மாடி வீட்டு வாத்தியாரோடது" என்பாள். சரியாகத்தான் இருக்கும்.

நான் மருந்துக் கடையில் நிற்கிறவள். நாளெல்லாம் ஆயிரம் புளுகு கேட்டுக் கேட்டு, காதில் பூ சுற்ற வருகிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நாக்கும் கொஞ்சம் நீளம். "அண்ணி, காலர் தேய்ஞ்சிருக்கிறது, கை மடிச்ச அடையாளம், பட்டன் தச்ச விதம், எல்லாத்தையும் உங்க கண்ணு பாத்து வச்சிருக்கு. நீங்க என்னடான்னா கைதான் சொல்லுதுன்னு நினைக்கிறீங்க" என்று அவளிடமே சொல்லியிருக்கிறேன். அவளுக்குக் கோபம் வந்ததில்லை. "இருக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த துணியை எடுப்பாள்.

ஒரு நாள் ஒரு பெரியவரின் கோட்டைத் தொட்டவள், "இது சில்லுனு இருக்கு" என்றாளாம். அன்று சாயங்காலமே அவர் மகன் வந்து, அப்பா தவறிவிட்டார், அந்தக் கோட்டைச் சீக்கிரம் கொடுங்கள் என்று நின்றிருக்கிறான். அதோடு பிடித்துக்கொண்டது ஊர். உயிரோடு இருப்பவர் துணி தனக்குச் சூடாகத் தெரியும், போய்ச் சேர்ந்தவர் துணி சில்லென்று இருக்கும் என்று அண்ணியும் சொல்ல ஆரம்பித்தாள். வீட்டை விட்டுப் போனவர்களின் சட்டையைப் பையில் போட்டுக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். "டாக்டரம்மா நாடி பாக்கறாங்க, எல்லாரும் சட்டையைக் கழட்டுங்க" என்று இஸ்திரி போடுகிறவர் கிண்டலடிப்பார். அண்ணி யாரிடமும் எதுவும் வாங்கிக்கொண்டதில்லை. அதனாலேயே அவளைத் திட்டவும் எனக்கு வழியில்லாமல் போயிற்று.

இதற்கு நடுவில்தான் என் அண்ணன் காணாமல் போனான்.

அண்ணன் பார்சல் வேன் ஓட்டினான். ஒரு நாள் அவன் வண்டி ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் கதவு திறந்தபடி நின்றது. சாவி வண்டியிலேயே இருந்தது. அவன் இல்லை. சண்டையும் இல்லை, கடனும் இல்லை, என்னதான் நடந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. சில மாதம் கழித்துப் போலீசிலிருந்து ஆள் வந்தார். ஆற்றில் கீழே வெகு தூரத்தில் ஓர் உடல் கிடைத்ததாம், அடையாளம் தெரியாத நிலையில் அடக்கம் செய்துவிட்டார்களாம். உடுத்தியிருந்த துணியை எடுத்து வைத்திருக்கிறோம், வந்து பாருங்கள் என்றார். அண்ணி உள்ளே போய், அண்ணன் கழற்றிப் போட்டிருந்த ஒரு சட்டையை எடுத்து வந்து அவர் முன்னாலேயே கையை வைத்துப் பார்த்தாள். "அவர் உயிரோட இருக்கார். வேற யாரோடதையோ நான் எதுக்கு வந்து பாக்கணும்?" என்றாள். போலீஸ்காரர் என்னைப் பார்த்தார். நான் அண்ணி பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

எதையும் நம்பாத நான் அதை மட்டும் நம்பினேன். வேறென்ன செய்ய? அம்மா படுத்த படுக்கையில் இருந்தாள். "உன் அண்ணி சொல்லிட்டா இல்ல, அவன் வருவான்" என்று சொல்லிச் சொல்லியே கண்ணை மூடினாள். எனக்கும் ஒரே ஒரு அண்ணன். அவன் இருக்கிறான் என்று இந்த உலகத்தில் அடித்துச் சொன்னது அண்ணியின் கை ஒன்றுதான்.

சலவைக் கடை முதலாளிக்கு டிவி பைத்தியம். அபூர்வ சக்தி இருப்பதாகச் சொல்கிறவர்களை மேடையில் ஏற்றி, சோதனை வைத்து, ஜெயித்தால் பரிசு தரும் ஒரு போட்டி அப்போது எல்லா வீட்டிலும் ஓடிக்கொண்டிருந்தது. கடைக்கு விளம்பரம் கிடைக்குமே என்று முதலாளி அண்ணியைக் கேட்காமலே அவர்களுக்கு எழுதிப் போட்டுவிட்டார். கூப்பிட்டு அனுப்பியதும் நான் தாம்தூம் என்று குதித்தேன்.

"அவங்க உங்களைக் கூப்பிடறது சிரிக்கிறதுக்குத்தான் அண்ணி. புரியுதா உங்களுக்கு?"

"சிரிச்சுட்டுப் போகட்டும். உங்கண்ணன் எங்கேயாவது ஒரு கடையில உக்காந்து டிவி பாத்துட்டு இருப்பாரு. என்னைப் பாத்தா வீட்டு நினைப்பு வராதா?"

நானும் அவளோடு கிளம்பினேன்.

மேடைக்குப் பின்னால் ஒரு குளிர் அறையில் எங்களை உட்கார வைத்தார்கள். மூடிய சீட்டில் இருக்கும் படத்தைச் சொல்வேன் என்று ஒருவன் வந்திருந்தான். விரலெல்லாம் மோதிரம். எங்களுக்கு முன்னால் போய், எல்லாவற்றையும் தப்பாகச் சொல்லிவிட்டு, "இங்க நம்பாதவங்க ஜாஸ்தி. அது என் சக்தியைத் தடுக்குது" என்று சிரித்துக்கொண்டே இறங்கி வந்தான். வந்த கையோடு எங்களுக்கும் தன் விலாச அட்டையை நீட்டினான். எங்கே போனாலும் பிழைத்துக்கொள்ளும் ஜென்மம்.

அண்ணிக்கு வைத்த சோதனையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பத்துச் சட்டைகள். பாதி உயிரோடு இருப்பவர்களுடையவை, பாதி இறந்தவர்களுடையவை. எல்லாவற்றையும் ஒரே சோப்பில் துவைத்து, ஒரே மாதிரி மடித்து மேசையில் வைத்திருந்தார்கள். கொடுத்த குடும்பத்தார் எல்லாரும் பார்வையாளர்களோடு கலந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒன்பது சரியாக இருந்தால் வெற்றி. சோதனையை நடத்தியவர் ஒரு கல்லூரி ஆசிரியர். மெல்லிய குரல், கெட்ட மனிதர் இல்லை. ஆரம்பிப்பதற்கு முன் எல்லாரையும் கேட்பதுபோல் அவளையும் கேட்டார்.

"உங்களுக்கு இந்த ஏற்பாடு சம்மதமாம்மா? ஏதாவது மாத்தணுமா?"

"ஒண்ணும் வேண்டாங்க. நல்லாத்தான் வச்சிருக்கீங்க."

"ஒருவேளை தப்பாப் போச்சுன்னா என்ன சொல்லுவீங்க?"

"தப்பாப் போச்சுன்னா எனக்கு எதுவும் தெரியலன்னு அர்த்தங்க. வேறென்ன சொல்றது?"

கூட்டம் கைதட்டியது. அவள் எதை வைத்து ஆடுகிறாள் என்று அந்த இடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அவள் ஒவ்வொரு சட்டையாகத் தொட்டாள். கடையில் நிற்பது போலவே நின்றாள். சூடு, சூடு, சில்லுனு இருக்கு, சூடு என்று சொல்லிக்கொண்டே போனாள். குரலில் தயக்கமே இல்லை. அப்புறம் சட்டை கொடுத்தவர்களை ஒவ்வொருவராக எழுந்திருக்கச் சொன்னார்கள். சில்லென்று இருக்கிறது என்று அவள் சொன்ன முதல் சட்டைக்கு ஒரு தடித்த மனிதர் எழுந்து, "நான் செத்துட்டேனாம்" என்று இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது. மேடையில் மைக்கோடு நிகழ்ச்சியை நடத்துகிறவன் அவர் நாடியைப் பிடித்துப் பார்த்தான். அதற்கும் சிரிப்பு.

சூடு என்று அவள் சொன்ன இன்னொரு சட்டைக்கு, கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். என் வயதுதான் இருக்கும். "என் பையனோடது. போன வருஷம் போயிட்டான்" என்றாள். அதற்கு யாரும் சிரிக்கவில்லை. நடத்துகிறவன் அவசரமாக அடுத்த சட்டைக்குப் போனான்.

பத்தில் நான்குதான் சரி. "சும்மா காசைச் சுண்டிப் போட்டிருந்தாக்கூட அஞ்சு வந்திருக்கும்" என்றான் நடத்துகிறவன். அவன் வாயில் மண்ணைப் போட வேண்டும்போல் இருந்தது எனக்கு.

வெளியே வரும்போது அந்தப் பெண் நடையில் காத்துக்கொண்டிருந்தாள். சண்டைக்கு வருகிறாள் என்று நான் முன்னால் போய் நின்றேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. நேரே அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க சூடுன்னு சொன்னீங்க இல்லம்மா? அவனை அடக்கம் பண்ணினப்போ நான் பக்கத்துலதான் நின்னேன். இருந்தும் ஒரு நிமிஷம் நம்பிட்டேன். பொட்டியில இருந்தது வேற யாரோன்னு தோணிடுச்சு."

அவள் போனபின்னும் அண்ணி அதே இடத்தில் நின்றாள். நான்தான் தோளைப் பிடித்து நடத்திக்கொண்டு போக வேண்டியிருந்தது.

பஸ்ஸில் நான் வாய் ஓயாமல் பேசினேன். என் வாழ்க்கையில் அப்படி யாரிடமும் கெஞ்சியதில்லை.

"அவங்க எல்லாத்தையும் துவைச்சு வச்சுட்டாங்க அண்ணி. அதான் சூடு போயிடுச்சு."

"நான் இத்தனை வருஷமாத் தொட்டது எல்லாம் துவைச்ச துணிதானே."

"அப்போ அந்த விளக்கு வெளிச்சம். அந்தக் கூட்டம். அந்த மோதிரக்காரன் சொன்னான் இல்ல, நம்பாதவங்க..."

"நீ கூடத்தான் நம்பாதவ. உன் பக்கத்துல நின்னுக்கிட்டே சொல்லலியா நான்?"

"அண்ணி, ஏதாவது ஒரு சாக்கு சொல்லுங்க. எனக்காகச் சொல்லுங்க."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஊரில் உள்ள பித்தலாட்டக்காரன் எல்லாம் தோற்றுவிட்டுச் சிரித்துக்கொண்டு போகிறான். கொடுத்த வார்த்தையைக் காப்பாற்ற என் அண்ணிதானா கிடைத்தாள்? அந்த நேர்மையை நான் அன்று மனதார வெறுத்தேன்.

மறுநாளும் அவள் வேலைக்குப் போனாள். சீட்டு இல்லாத துணியைத் தொடவில்லை. ஒரு கூடையில் போட்டு ஓரமாக வைத்துவிட்டாள். நிகழ்ச்சி டிவியில் வந்தபோது தெருவே பார்த்தது. கவுண்டரில் வந்து நின்று, "நான் உயிரோடதான் இருக்கேன், எழுதி வச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டுத் துணி கொடுத்தவர்களும் உண்டு. கூடை நிரம்பி வழிந்தது. இஸ்திரிக்காரர் கிண்டலை அடியோடு விட்டுவிட்டார். அண்ணன் பார்த்திருந்தால் போன் செய்திருப்பான். ஒரு போனும் வரவில்லை.

ஒரு காலையில் நான் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அண்ணி தலைவாரி, செருப்பு மாட்டி, வாசலில் நின்றாள். "லீவு சொல்லிட்டு வரியா? போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகணும்" என்றாள். நான் வேண்டாம் என்றேன். தனியாகப் போய்க்கொள்கிறேன் என்றாள். நான் கூடப் போனேன்.

கொஞ்ச நேரம் தேடி, ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார் போலீஸ்காரர். பைக்குள் ஒரு பேண்ட், ஒரு சட்டை. நீலமாக இருந்திருக்க வேண்டும், மண் ஏறிச் சாம்பல் நிறமாகியிருந்தது. அண்ணி சட்டையை எடுத்து விரித்தாள். உள்ளங்கையை வைக்கப் போனவள், பாதியில் நிறுத்தி, சட்டையை என் பக்கம் தள்ளினாள்.

"எனக்கு எதுவும் தெரியல. நீ பாத்துச் சொல்லு."

நான் பார்த்தேன். மேலிருந்து மூன்றாவது பட்டன் மட்டும் பழுப்பு நிறம். அண்ணன் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் நிற்க, கைக்குக் கிடைத்ததை வைத்து நான் தைத்துக் கொடுத்த பட்டன். ஊசி குத்திவிட்டது என்று அவன் கத்தியதுகூட ஞாபகம் வந்தது. பொய் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். அண்ணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணனோடதுதான் அண்ணி."

"நல்லாத் தெரியுமா?"

"தெரியும். இந்தப் பட்டன் நான் தச்சது."

அவள் தலையாட்டினாள். அப்புறம் சட்டைமேல் கையை வைத்து, கண்ணை மூடி நின்றாள். போலீஸ்காரர் ஏதோ சொல்ல வந்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

"எனக்கு இப்பவும் சூடாத்தான் இருக்கு" என்றாள்.

பிறகு கையை எடுத்துவிட்டு, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று அவரைக் கேட்டாள்.