தொடாத வரிசைத் தக்காளி

வியாசர்பாடியில் எங்கள் ஹவுசிங் போர்டு குடியிருப்பின் மொட்டைமாடியில், கொசுவலைக்குள், என் முனைவர் பட்டம் இரண்டு வரிசைத் தக்காளிச் செடிகளாக நின்றுகொண்டிருந்தது. பல்கலைக்கழகச் செடிக்கூடம் பழுதுபார்ப்பில் கிடந்ததால், வழிகாட்டியிடம் கெஞ்சி அனுமதி வாங்கிய இடம் அது. முதல் முறை சோதனை சொதப்பியது. இன்னும் ஒரே முறை பார், இல்லையென்றால் வேறு தலைப்பு எடு என்று அவர் சொல்லிவிட்டார். வேறு தலைப்பு என்றால் பட்டம் அம்போதான்.

விஷயம் இதுதான். புழு கடித்ததும் இலைக்குள் ஜாஸ்மோனிக் அமிலம் என்ற ஹார்மோன் ஏறும். அதுவரை தற்காப்பை அமுக்கிப் பிடித்திருந்த புரதங்கள் அப்போது சிதையும். பிரேக் விட்டதும் இலை, புழுவுக்குச் செரிக்காத சரக்கைத் தயாரிக்க ஆரம்பிக்கும். வேடிக்கை என்னவென்றால், கையோடு செடி புது பிரேக்கையும் செய்துகொள்ளும். ஓயாமல் சண்டைக்கு நின்றால் வளர்வது எப்போது? அந்த பிரேக் எத்தனை சீக்கிரம் திரும்புகிறது என்பதே என் கேள்வி.

அதற்காக ஒரு வரிசையைக் கொஞ்ச நேரம் வெட்டுப்புழுவுக்குக் கொடுத்தேன். ஒப்பிட்டுப் பார்க்க, இன்னொன்றை யாரும் தொடாமல் வைத்தேன். பிறகு இரண்டிலும் புதுப் புழுக்களை விட்டால், தொடாத வரிசையைத்தான் அவை மொட்டையடிக்க வேண்டும். முதல் முறை அதை அவை சீண்டக்கூட இல்லை. அந்தச் செடிகளும் ஏனோ குட்டையாக, முறுக்கிக்கொண்டு நின்றன. தண்ணீரைச் சந்தேகப்பட்டேன், மண்ணைச் சந்தேகப்பட்டேன், எண்ணூர்ப் பக்கத்து ஆலைக் காற்றையும் விட்டுவைக்கவில்லை. எங்கள் பக்கம் எது கெட்டாலும் முதலில் மாட்டுவது அந்தக் காற்றுதான்.

இரண்டாம் முறையும் தொடாத வரிசை வளரவில்லை. ஒரு நாள் காலையில் வழக்கத்தைவிட முன்னதாக மாடிக்குப் போனேன். அம்மா வலையைத் தூக்கிவிட்டுக் குந்தியிருந்தாள். கல்மண்டபம் மீன் மார்க்கெட்டில் இறால் உரிக்கிற வேலை அவளுக்கு. கிளம்புகிற அவசரத்திலும் ஒவ்வொரு செடியையும் இரண்டு கையாலும் உச்சியிலிருந்து அடிவரை வழித்தெடுத்து, தன் நெற்றிப்பொட்டில் விரல்களை வைத்து நெட்டி முறித்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதிலிருந்து பரீட்சைக்குப் போகும்போதெல்லாம் எனக்கு அப்படித்தான் திருஷ்டி கழிப்பாள்.

தொடாத வரிசையை மட்டும் ஏன் என்று கேட்டேன்.

"இதுதான் தளதளன்னு கீது. அந்த ஓட்டை இலைய யாரு கண்ணு வெக்கப் போறாங்க?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. தினமும் தடவினாலும் அதே ஹார்மோன் ஏறும். அவள் கை பட்டுப் பட்டுச் செடி புழு வராமலேயே சண்டைக்குத் தயாராகிவிட்டிருந்தது. நான் கத்தவில்லை. வகுப்பில் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னேன்: "தொட்டா அது பயந்துக்கும்மா. வளராது. கசந்துபோயிடும்." அம்மா தன் கையை ஒரு தரம் பார்த்துவிட்டு இறங்கிப் போனாள்.

நல்லவேளை, புதுப் புழுக்களை இன்னும் விடவில்லை. மிச்சமிருந்த நாற்றுகளை மறுபடி இரண்டு வரிசையாக நட்டு, வலையைச் சுற்றிலும் தைத்துவிட்டேன். இந்த முறை புழுக்கள் தொடாத வரிசையைச் சுத்தமாகக் காலி செய்தன. இலைகள் காணாமல்போனதற்கு அவ்வளவு சந்தோஷப்பட்ட ஆள் நானாகத்தான் இருப்பேன். ஆய்வேட்டின் அந்த அத்தியாயம் தேறியது.

வாய்மொழித் தேர்வன்று வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். அம்மா வந்து என் முகத்துக்கு நேரே இரண்டு கையையும் தூக்கினாள். பாதியில் நிறுத்தி, முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"வோணாம். நல்லா வளர்ற நேரத்துல நான் கை வெக்கல."

அப்போதுதான் உறைத்தது. அந்தக் காலைக்குப் பிறகு அவள் என் தலையில் எண்ணெய்கூட வைக்கவில்லை. வேலைக் களைப்பு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது தக்காளிக்கும்மா, எனக்கில்லை என்று சொல்லி, இறால் முள் கீறிய அந்தக் கைகளைப் பிடித்து என் கன்னத்தில் வைத்துக்கொண்டேன்.

அவள் என் முகத்தை வழித்தெடுத்து, விரல்களைத் தன் நெற்றிப்பொட்டில் வைத்து அழுத்தினாள். விரல்கள் எல்லாம் சடசடவென்று நெட்டி முறிந்தன.

"பாத்தியா, எவ்ளோ கண்ணு சேந்து கீது" என்றாள்.