வலிப்பு நின்ற பிறகு கேட்கும் கேள்வி

முதல் தடவை வந்தபோது நான் அங்கே இல்லை. என் உடம்பு மட்டும்தான் இருந்தது.

சேரப்பணஞ்சேரியில் நானும் என் வீட்டுக்காரரும் நடத்தும் மெஸ்ஸில் மத்தியானச் சாப்பாட்டு நேரம். ரசம் ஊற்றக் குனிந்தது வரை நினைவிருக்கிறது. அதற்கு அடுத்த நினைவு ஆஸ்பத்திரி வராண்டாவில் சுற்றும் மின்விசிறி. நாக்கின் ஓரம் கடிபட்டு எரிந்தது. வலது கையில் ஒரு சாவிக்கொத்து. "யார் வூட்டு சாவி இது?" என்றுதான் முதலில் கேட்டேனாம்.

எங்களிடம் சாப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரகடம் கம்பெனிகளில் வேலை பார்க்கும் தெற்கத்திப் பிள்ளைகள். நடந்ததை ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். ஒருத்தர் கணக்கில் அரை மணி நேரம், இன்னொருத்தர் கணக்கில் ஒரு நிமிஷம். தூத்துக்குடிப் பக்கத்துச் சுடலை சொன்னதுதான் எனக்குப் பிடித்தது: "யக்கா, விழும்போதும் கரண்டிய நீங்க விடவே இல்ல. ரசம் பூரா என் தலையிலதான்."

ஸ்கேன் எடுத்தார்கள். இ.இ.ஜி. (தலையில் ஒயர்களை ஒட்டி மூளையின் மின்னோட்டத்தைப் பதியும் சோதனை) எடுத்தார்கள். வலிப்பு நோய் என்றார்கள். தினமும் மாத்திரை. நிறுத்தக் கூடாது, தவற விடக் கூடாது.

மாத்திரையின் அளவு சரிப்படும் வரை இன்னும் சில தடவை வந்தது. என் வீட்டுக்காரர் மெஸ் வேலை போக ஷேர் ஆட்டோவும் ஓட்டுகிறவர். ஒவ்வொரு தடவையும் ஏறியிருந்த ஜனத்தை வழியிலேயே இறக்கிவிட்டு ஓடி வருவார். என்னை அள்ளிப் போட்டுக்கொண்டு பறப்பார். ஆஸ்பத்திரி வாசலில் நான் எழுந்து உட்கார்ந்து, "அடுப்ப அணைச்சாங்களா?" என்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

நரம்பியல் டாக்டரம்மா ஒருநாள் அவரை உட்கார வைத்துச் சொன்னார். "முதல் தடவை வந்தா கட்டாயம் கூட்டிட்டு வரணும். இவங்களுக்கு இருக்கிறது நமக்குத் தெரிஞ்ச நோய். ஒவ்வொரு தடவையும் தூக்கிட்டு ஓட வேணாம். ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, வாயில எதுவும் வைக்காதீங்க, சாவி கீவி கொடுக்காதீங்க. கடிகாரத்தைப் பாருங்க. அஞ்சு நிமிஷம் தாண்டினா ஆம்புலன்சைக் கூப்பிடுங்க. அடிபட்டா, மூச்சு திணறினா, தண்ணியில விழுந்தா, அப்பவும். முக்கியமா, ஒண்ணு நின்னு முழுசாத் தெளியறதுக்குள்ள இன்னொண்ணு வந்தா ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்காதீங்க."

"அந்த நேரத்துல கடிகாரம் பாக்க யாருக்கும்மா மனசு வரும்?" என்றார் இவர்.

"மனசு வராது. கண்ணு போனாப் போதும்."

"செரி, தெளிஞ்சிட்டான்னு எப்படிக் கண்டுபுடிக்கறது?"

"பேச்சுக் கொடுங்க. அவங்க பேரு, இருக்கிற ஊரு, உங்க பேரு. இப்படி ஏதாவது கேளுங்க."

அடுத்த தடவை எல்லாம் சொன்னபடியே நடந்திருக்கிறது. சீக்கிரமே நின்றுவிட்டது. எனக்கு முகங்கள் தெரிய ஆரம்பித்தபோது இவர் குனிந்து கேட்டார். "லதா, என் பேரு இன்னா?"

கேள்வி காதில் விழுந்தது. பதிலும் தெரியும். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பெயரை நான் சொன்னதில்லை. எங்கள் பக்கத்தில் என் வயதுக்காரிகள் சொல்வதில்லை. சுற்றிலும் பிள்ளைகள் வேறு நிற்கிறார்கள். அவரையே பார்த்தபடி இருந்தேன்.

"யாருன்னே தெரியலடா இவளுக்கு!" என்று அலறி, மறுபடியும் ஆட்டோ.

அவசரப் பிரிவில் இருந்த சின்ன டாக்டர் அதே கேள்வியைக் கேட்டார். "பேரு தெரியும் டாக்டர், சொல்றது இல்ல" என்றேன். ஊசியோடு வந்த நர்ஸம்மா சிரித்து, திரும்பி நின்றுகொண்டார். இவர் தலையில் கைவைத்து, "அத்த அங்கியே சொல்லித் தொலைக்கறதுதானே?" என்றார்.

வேறு கேள்வி வைத்துக்கொண்டோம். "இன்னிக்கு இன்னா கொழம்பு?" வீட்டுக்காரர் ஆட்டோவோடு வெளியே போயிருந்தால்கூட, தட்டைப் பார்த்து யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். இதற்காக மெஸ்ஸில் எல்லாரிடமும் என் நோயைச் சொல்ல வேண்டியிருந்தது. பயந்துகொண்டேதான் சொன்னேன். இரண்டு பேர் சாப்பிட வருவதை நிறுத்தினார்கள். "இது ஒட்டுமாக்கா?" என்று ஒருத்தன் கேட்க, "ஒட்டிச்சின்னா உனக்கும் சமையல் வந்துரும்லே, பேசாம உக்காரு" என்றான் சுடலை. அதற்குப் பிறகு பல தடவை ஆஸ்பத்திரிக்குப் போகாமலே தெளிந்தேன். வத்தக்குழம்பு என்பேன், தூங்கி எழுவேன், தலைவலியோடு வேலைக்குத் திரும்புவேன்.

பிறகு ஒரு மழைக்காலம். எனக்குக் காய்ச்சல். விழுங்கிய மாத்திரையெல்லாம் வாந்தியில் போனது. மெஸ்ஸில் ஒரு ஓரமாகப் படுத்திருந்த இடத்திலேயே வலிப்பு வந்தது. அதிக நேரம் இல்லை, நின்றுவிட்டது. இவர் கேட்டார், "லதா, இன்னா கொழம்பு?"

நான் அவருடைய பெயரைச் சொன்னேனாம். சத்தமாக, திரும்பத் திரும்ப.

"யண்ணே, தெளிஞ்சிட்டாக! உங்க பேரச் சரியாச் சொல்லுதாகல்லா!" என்றிருக்கிறான் சுடலை. எல்லாரும் மூச்சு விட்டிருக்கிறார்கள்.

இவர் முகம் மட்டும் வெளுத்துவிட்டதாம். "அறிவு தெளிஞ்சி இருந்தா அவ என் பேர சொல்லுவாளாடா? ஆம்புலன்ஸுக்குப் போன் போடு!"

வண்டி வருவதற்குள் அடுத்த வலிப்பு ஆரம்பித்துவிட்டது. ஆம்புலன்ஸில் நரம்பு வழியாக மருந்து ஏற்றித்தான் அதை நிறுத்தினார்கள். தொடர் வலிப்பு (ஒன்று தெளியும் முன் அடுத்தது வருவது) மூளையையே பாதிக்கும், உயிருக்கும் ஆபத்து என்று பிறகு டாக்டரம்மா விளக்கினார். இவரிடம், "முன்கூட்டியே கூப்பிட்டது நல்லதாப் போச்சு" என்றார்.

இந்த நோயோடு இருக்கும் வீட்டாருக்கு நான் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். போவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் இடத்தில் நோயாளி இருக்க மாட்டார். பக்கத்தில் நிற்கிறவருக்குத்தான் அந்த வேலை. அவருக்கு நோயை மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதாது. தெளிந்திருக்கும்போது நாம் எப்படி இருப்போம் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் போய்விடுங்கள். போய்விட்டுச் சும்மா திரும்பி வந்ததில் எனக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை.

இப்போது வலிப்பு வருவது மிகவும் குறைந்துவிட்டது. ஆனால் என் உடம்பு எனக்கு மட்டும் சொந்தம் என்ற எண்ணம் போய்விட்டது. நான் வாழ்ந்த நேரத்தில் சில துண்டுகள் மற்றவர்களிடம்தான் இருக்கின்றன.

அன்றைக்கு அவரை எப்படிக் கூப்பிட்டேன் என்று பிள்ளைகளைக் கேட்டேன். "வாத்தியார் அட்டெண்டன்ஸ் எடுத்த மாதிரி" என்றான் ஒருத்தன். "சண்டைக்குக் கூப்பிட்ட மாதிரில்லா இருந்திச்சி" என்றான் சுடலை. இவரிடமும் கேட்டேன். ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தவர், துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார்.