செம்பு உலையில் பூண்டு வாசனை

பொன்னேரிப் பக்கம் ஒரு பள்ளியில் நான் வரலாறு நடத்துகிறேன். கணவருக்குக் கும்மிடிப்பூண்டியில் வேலை. பழைய செம்பை உருக்கும் பட்டறையில் உலையைப் பார்த்துக்கொள்பவர். ஒரு திங்கட்கிழமை வகுப்பில் செம்புக் காலம் பாடம். முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை மதியம் அதற்காகப் படித்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் காலத்து மனிதர்கள் செம்புத் தாது கலந்த பச்சைக் கல்லைக் கரி நெருப்பில் இட்டு, குழலால் ஊதி ஊதிச் செம்பைப் பிரித்திருக்கிறார்கள். அந்த வித்தை ஓரிடத்தில் பிறந்து பரவியதா, பல இடங்களில் தனித்தனியே பிறந்ததா என்று இன்னும் வாதம் நடக்கிறது. சில மலைகளின் கல்லில் ஆர்சனிக் என்ற நஞ்சு கலந்திருந்தது. அந்தச் செம்பு கெட்டியாக இருந்ததால் அதையே தேடிப் போனார்கள். அதன் புகையில் பூண்டு வாசனை அடிக்குமாம். ஊதியவர்களின் கால்கள் மெல்ல மரத்துப்போகுமாம்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம் இதைக் கதைபோலச் சொன்னேன். அவர் கை தட்டிலேயே நின்றது.

"பூண்டு வாசனையா?"

"ஆமாங்க. ஏன்?"

"ஒரு வாரமா எங்க உலையில அதான் அடிக்குது. பழைய பாய்லர் குழாய் ஒரு லோடு வந்துகீது. எவனோ நாஷ்டா செய்றான்னு சிரிச்சிக்கினு இருந்தோம்."

"உங்க காலு நல்லாதானே இருக்குது?"

"எனக்கு ஒண்ணுமில்ல. கூட நிக்கிறவருதான், செருப்பு கழண்டதுகூட தெரியலன்னாரு."

மறுநாள் அவர் உலையைப் பற்றவைக்க மறுத்துவிட்டார். "செம்ப உருக்குனா மல்லிப்பூவா மணக்கும்?" என்று சூப்பர்வைசர் கத்தினாராம். மற்றவர்களும் கைகட்டி நின்ற பிறகுதான் வேலை நின்றது. கூட நின்றவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உடம்பில் ஆர்சனிக் ஏறியிருப்பது சோதனையில் தெரிந்தது. அந்தக் காலத்துக் குழாய்ச் செம்பிலும் கெட்டிக்காக அதைக் கலந்திருக்கிறார்கள். இன்றும் அவர் கோலூன்றித்தான் நடக்கிறார்.

அந்த வாரக் கடைசியில் மிச்சக் குழாய்களைக் காணவில்லை. பட்டறையின் லாரி ஓட்டுநரைக் கணவர் விசாரித்தார்.

"மொதலாளி வித்துட்டாரு, காக்களூர்ல ஒரு பட்டறையில எறக்கினேன்" என்றார் அவர்.

நாங்கள் உடனே பஸ் பிடித்தோம். காக்களூர் தொழிற்பேட்டையில் ஒவ்வொரு கேட்டாகக் கேட்டுப் போனோம். ஐந்தாவது கேட்டில் காவலாளி எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"குழாய் லோடா? காலையிலயே உருக்க ஆரம்பிச்சிட்டாங்க. சும்மா பேஜாரு பண்ணாதீங்க, போங்க."

கேட்டைச் சாத்திவிட்டார். உள்ளே யாரோ விடாமல் இருமுவது கேட்டது. கணவர் இரண்டு கைகளாலும் தகரக் கேட்டை அறைந்துகொண்டே இருந்தார்.