சாக்கில் கட்டியிருந்த அண்டாக்கள்

எனக்கு அந்த வேலை தெரியாது. தெரியும் என்று சொல்லித்தான் அந்த வீட்டுக்குள் போனேன்.

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு சித்திரை மாதம். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். கடலோர விடுதி ஒன்றில் இரண்டு வருடம் நீச்சல் குளம் சுத்தம் செய்தேன். அங்கே மேஸ்திரியோடு சண்டை வந்தது. கிளம்பி எங்கெங்கோ சுற்றிவிட்டு, காரைக்குடியில் ஓர் இரும்புக் கடையில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தேன். சாப்பாடு இரண்டு வேளை. படுக்கை கடை வாசலில்.

ஒரு நாள் கண்டனூரிலிருந்து ஓர் ஆச்சி கடைக்கு வந்தார். மலேசியாவில் இருக்கும் அவருடைய தம்பி கப்பலில் ஒரு நீச்சல் குளம் அனுப்பியிருக்கிறாராம். குழி தோண்ட வேண்டாம். தகரச் சுவரை வட்டமாக நிறுத்தி, உள்ளே பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டுத் தண்ணீர் நிரப்ப வேண்டியதுதான். மாட்டிக் கொடுக்க ஆள் கிடைக்குமா என்று கேட்டார்.

கடைக்காரர் சிரித்தார். "ஏன் ஆச்சி, குடிக்கவே தண்ணியக் காணோம். நீங்க நீச்சலடிக்கப் போறீகளா?"

"நீச்சலடிக்க இல்லப்பா. நிக்கிறதுக்கு" என்றார் ஆச்சி. "எம் மகளுக்கு."

கடைக்காரர் அதன் பிறகு சிரிக்கவில்லை. நான் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் போய், "எனக்குத் தெரியும் ஆச்சி" என்றேன்.

கண்டனூரில் அந்த வீடு தெருவுக்குத் தெரு நீளும் வீடு. ஆனால் பங்காளிகள் ஏழு பேர். அவரவர் அறையை அவரவர் பூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்விட்டார்கள். ஆச்சிக்கும் மகளுக்கும் வீட்டின் உள்பகுதியான இரண்டாம் கட்டில் இரண்டு அறைகள்தான் பங்கு. ஆச்சியின் கணவர் காலமாகிவிட்டார். மகளைச் சின்னாச்சி என்றுதான் நான் கூப்பிட்டேன். என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவராக இருப்பார். கல்யாணமாகி இரண்டாம் வருடம் காய்ச்சலில் விழுந்து எழுந்தபோது, இடுப்புக்குக் கீழே கால்கள் சொன்னபடி கேட்கவில்லை. கொஞ்சம் தேறிய பிறகு வரட்டும் என்று புருஷன் வீட்டார் இங்கே கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். தண்ணீருக்குள் உடம்பின் பாரம் குறையும், தினமும் நின்று பழகினால் கால் திரும்பலாம் என்று மதுரை டாக்டர் சொல்லியிருந்தார். வைகாசி முடிவதற்குள் வந்து பார்ப்பதாகப் புருஷன் வீட்டார் சொல்லியிருந்தார்கள். நின்றால் கூட்டிப் போவார்கள். அதுதான் பேச்சு.

அறையின் மூலையில் சாக்கு மூட்டைகள் அடுக்கியிருந்தன. கல்யாணத்தில் சின்னாச்சிக்குச் சீராகக் கொடுத்த அண்டா, தவலை, குடம் எல்லாம். எல்லாவற்றிலும் அவர் பெயரின் முதலெழுத்து வெட்டியிருக்கும். அவர் வந்த மூன்றாம் மாதம் லாரியில் பின்னாலேயே வந்துவிட்டன. பொண்ணுக்குப் பின்னால் சாமானும் வந்துவிட்டால் என்ன அர்த்தம் என்று அந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆச்சி மட்டும், "அங்க வீடு வெள்ளையடிக்கிறாக. வைக்க எடமில்ல" என்றார். வந்த கட்டை அவர் அவிழ்க்கவில்லை; அவிழ்த்துப் புழங்கினால் எல்லாம் முடிந்தது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். திரும்பிப் போகும்போது அப்படியே ஏற்றலாம் என்று வைத்திருந்தார்.

இரண்டாம் கட்டு முற்றத்தில் தகரத்தை நிறுத்தினேன். ஒன்பதடி அகலம், மார்பு உயரம். அதிலேதான் ஸ்கிம்மர் என்ற சாமானை மாட்ட வேண்டும். விடுதியில் அதை நாங்கள் வாய் என்போம். சுவரின் மேல்பக்கம் ஒரு சதுர ஓட்டை. அதற்கு வெளியே ஒரு பெட்டி. மோட்டார் இழுக்கும்போது மேலே மிதக்கும் தூசி, புறா இறகு, செத்த எறும்பு எல்லாம் அந்த வாய்க்குள் போய்க் கூடையில் தங்கும். அது இல்லாவிட்டால் அந்த வெயிலுக்கு நாலே நாளில் தண்ணீர் பச்சை பிடித்துவிடும். மாற்றி நிரப்பவோ அந்த வருடம் தண்ணீர் கிடையாது. இரண்டு டிராக்டர் தண்ணீருக்கே ஆச்சி பத்து நாள் சொல்லிவைத்துக் காத்திருந்தார். கூடையை ஆயிரம் தடவை கழுவியிருக்கிறேன். வாயை மாட்டியதில்லை.

வெள்ளிக்கிழமை காலை தண்ணீர் வந்தது. வாய்க்கு ஒரு சாண் கீழே சுண்ணாம்பால் கோடு போட்டு, அதோடு நிறுத்தச் சொல்லிவிட்டுத் திருகாணி வாங்கக் காரைக்குடி போனேன். பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் நிறைந்துவிட வேண்டும் என்று ஆச்சி சொல்ல, டிராக்டர்காரன் விளிம்புவரை அடித்துவிட்டுப் போயிருந்தான். நான் திரும்பி வந்தபோது பிளாஸ்டிக் விரிப்பு அந்த ஓட்டை வழியாகத் தொப்பை போல வெளியே பிதுங்கி நின்றது. பிய்த்துக்கொண்டால் மொத்தத் தண்ணீரும் முற்றத்துச் சலதாரை வழியே தெருவுக்குப் போய்விடும்.

"ஒரு முழத் தண்ணி உடனே எறங்கணும் ஆச்சி. மோந்து எதுலயாவது ஊத்தணும்."

வீட்டில் இரண்டு பிளாஸ்டிக் குடம், ஒரு வாளி. பங்காளிகளின் பாத்திரங்கள் எல்லாம் பூட்டுக்குள். ஆச்சி மூட்டைகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வேற வழியில்லையா?"

நாற்காலியில் இருந்த சின்னாச்சிதான் சொன்னார். "கட்ட அவுத்துருங்க ஆத்தா."

"அது எப்புடித்தா..."

"தண்ணி போயிருச்சுன்னா வராது. அண்டா எங்க போகப் போகுது?"

ஆச்சி அரிவாள்மணையைக் கொண்டுவந்து சணல் கயிறுகளை அறுத்தார். அவிழ்க்கப் பார்க்கவில்லை, அறுத்தார். "சாயந்தரமே தண்ணிய ஊத்திட்டு மறுபடி கட்டிப்புடணும். என்னப்பா?" என்றார். கட்டிவிடலாம் என்றேன். மத்தியானத்துக்குள் முற்றத்தைச் சுற்றி முப்பது நாற்பது பாத்திரங்கள் நிறைந்து நின்றன. புழங்காத வெண்கலம் வெயிலில் கண்ணைக் கூச வைத்தது. "கல்யாணத்தன்னிக்குப் பரப்பி வச்சது மாதிரியே இருக்கு" என்று சின்னாச்சி சிரித்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை.

பிறகு நான் வேலையைக் கெடுத்தேன். வாயைச் சுற்றி உள்பக்கம் ஒரு சட்டம் வரும். அதை ரப்பரோடு வைத்து, திருகாணிகளை முழுக்க முடுக்கிய பிறகுதான் நடுவில் இருக்கும் விரிப்பை வெட்ட வேண்டும். நான் முதலில் வெட்டினேன். இழுபட்டு நின்ற பிளாஸ்டிக் கையை விட்டு நழுவி, ஒரு சாண் கீழே கிழிந்தது. சைக்கிள் டியூபை வெட்டி, பஞ்சர் பசை போட்டு ஒட்டி, அதன் மேல் சட்டத்தை முடுக்கினேன். மோட்டாரைப் போட்டதும் வாய் நன்றாக இழுத்தது. ஆனால் சுவரோரம் ஈரம் கசிந்துகொண்டே இருந்தது. நாளுக்கு இரண்டு விரல் தண்ணீர் இறங்கும். வாய்க்குக் கீழே இறங்கினால் மோட்டார் காற்றை இழுத்துக் கெட்டுவிடும். அதனால் தினமும் ஊற்ற வேண்டும். ஊற்றுவதற்கு அந்தப் பாத்திரங்களில் இருந்த தண்ணீர்தான். பிறகு தெருக் குழாயில் கிடைத்த குடங்களும் அவற்றிலேயே சேர்ந்தன. அன்று சாயந்தரம் சாக்கு கட்டவில்லை. மறுநாளும் கட்டவில்லை.

"புதுசுன்னா இப்படித்தான் கொஞ்சம் கசியும் ஆச்சி" என்றேன். அதையும் நம்பினார். கூடை கழுவவும் தண்ணீர் சுமக்கவும் அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டார்.

சின்னாச்சி கையை ஊன்றியே மரப்படியில் ஏறி, சேலையோடு தண்ணீரில் இறங்குவார். முதல் வாரம் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தொங்கினார் என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டாம் வாரம் பாதம் தரையில் படுவது தெரிகிறது என்றார். "ஆத்தா, குளுருது! காலு குளுருது!" என்று கத்தினார். ஆச்சி சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்து நின்று அழுதார். பதினெட்டாம் நாள் ஒரு கையை விட்டார்.

பத்தொன்பதாம் நாள் காலை வாசலில் செருப்புச் சத்தம். மாப்பிள்ளையின் அண்ணன் வந்திருந்தார்.

"வாங்க, வாங்க. சேதி சொல்லியிருந்தா..." என்று ஆச்சி முந்தானையைச் சரிசெய்தபடி ஓடினார்.

"இங்குட்டு ஒரு சோலி. எட்டிப் பாத்துட்டுப் போலாமேன்னு வந்தேன்" என்றார் அவர். ரேழியைக் கடந்து இரண்டாம் கட்டு நிலைவாசலில் வந்து நின்றார். சின்னாச்சி தண்ணீருக்குள் இருந்தார். அவரைப் பார்த்ததும் விளிம்பிலிருந்து ஒரு கையை எடுத்தார். பிறகு மற்றக் கையையும் எடுத்தார். மார்பளவுத் தண்ணீரில், எதையும் பிடிக்காமல் நின்றார். நான் கூடையைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே நின்றிருந்தேன். அவர் நின்றது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

வந்தவர் அங்கே பார்க்கவில்லை. முற்றத்தைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்டாக்கள், தவலைகள். உப்பு படிந்து மங்கத் தொடங்கிய வெண்கலம். ஓர் அண்டாவில் மிதந்த என் அலுமினிய லோட்டா.

"சாமானப் பொழங்க ஆரம்பிச்சுட்டீக போல" என்றார்.

"இல்ல, இது தண்ணிக்கு... இந்தத் தம்பி..." ஆச்சி என் பக்கம் கையைக் காட்டினார்.

"இருக்கட்டும், இருக்கட்டும். உங்க சாமான், நீங்க பொழங்குறீக. அதுல என்ன இருக்கு? எப்புடிச் சொல்றதுன்னு எங்க வீட்டுலயும் சங்கடப்பட்டுக்கிட்டுத்தான் இருந்தாக. நீங்களே முடிவுக்கு வந்தது நல்லதாப் போச்சு." குரல் மிக மரியாதையாக இருந்தது. காப்பி வேண்டாம் என்றார். கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

கசிவு என்னால் வந்தது, சாக்கை அன்றைக்கே கட்டியிருக்க வேண்டியது என்று அவர் பின்னால் ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் வேறு ஒரு சாக்குச் சொல்லியிருப்பார்கள் என்று பிற்பாடு பல ஊர்களில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்றைக்கு நான் ஓடவில்லை. ஆச்சியிடமும் சொல்லவில்லை.

தண்ணீருக்குள்ளிருந்து சின்னாச்சி கேட்டார். வாசலில் பேசியது அவருக்குக் கேட்டதா என்று தெரியாது, மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

"ரெண்டு கையையும் விட்டுட்டு நின்னேன் ஆத்தா. பாத்தாகளா?"

"பாத்தாகத்தா" என்றார் ஆச்சி. "நல்லாப் பாத்தாக."

பிறகு குனிந்து பக்கத்துத் தவலையிலிருந்து ஒரு குடம் மோந்தார். தண்ணீர் வாயின் கீழ்விளிம்புவரை இறங்கியிருந்தது. மகளின் மேல் தெறிக்காமல், ஓரமாக ஊற்றினார்.