குண்டான் நிறைய சாம்பார்

தாம்பரத்தில் ஆதரவற்றோர் இல்லத்தை விட்டு, பதினெட்டு வயதில் வெளியேறும் பிள்ளைகளுக்குத் தனியாக வாழக் கற்றுத்தருபவன் நான். மனைவி ஊருக்குப் போனால் பிரெட்டே கதி என்று கிடப்பவனும் நானேதான்.

மாணவி தேவி பல்லாவரத்தில் வாடகை அறைக்குப் போன முதல் ஞாயிறு, சமாளிக்கிறாளா என்று பயந்துகொண்டே பார்க்கப் போனேன். அடுப்பில் குண்டான் நிறைய சாம்பார்.

"யாருக்கும்மா கல்யாணம்?"

"ஹோம்ல எல்லாருக்கும் சேத்துதான் சார் சமைச்சுப் பழக்கம். ஒரு ஆளுக்கு எவ்ளோன்னு நீங்க சொல்லித் தரலையே!" சிரித்தவள் குரல் இறங்கியது. "தனியா சாப்பிட்டதும் இல்ல சார். தொண்டையில எறங்கல."

பேங்க், கேஸ் சிலிண்டர் எல்லாம் பாடம் நடத்திய மேதாவி எழுந்து வெளியே போனேன். பக்கத்து வீட்டுக் கதவுகளைத் தட்டி, சாப்பிடக் கூப்பிட்டேன். தட்டோடு வந்த ஆட்டோக்காரர் மனைவி, "சோக்கா கீது கண்ணு. நாளைக்கு நம்ம வூட்ல துன்னு" என்றார். தேவி இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டாள்.

இப்போது என் முதல் பாடமே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவதுதான். மனைவி ஊருக்குப் போனால், செய்முறை வகுப்புக்கு நான் தட்டோடு ஆஜர்.