எட்டு விளக்கும் எரிந்தன

அந்தோணிராஜ் சாத்தான்குளத்துப் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு வந்த புதிதில் இஸ்திரி மேசையில் நின்றவர். பிறகு கம்பெனி எலக்ட்ரீசியனுக்குக் கையாள். பனியன் கம்பெனிகளில் கம்ப்யூட்டர்கள் நுழைந்தபோது, ஒன்றோடொன்றை இணைக்கும் கேபிளை இழுக்க ஆள் தேவைப்பட்டது. ஏணிக்குப் பயப்படாதவர் என்பதால் இவரைக் கூப்பிட்டார்கள். யாரும் சொல்லித் தரவில்லை. ஏற்கெனவே போட்டிருந்த கேபிளைக் கழற்றிப் பார்த்து, அதைப்போலவே போட்டார். அதைப் போட்டவரும் இன்னொருவர் போட்டதைப் பார்த்துப் போட்டவர்தான்.

கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு ஜோடிகள். ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என்று ஜோடி பிரியாமல் வரிசையாக, கேபிள் முனையில் மாட்டும் ஜாக்கின் எட்டுத் துளைகளில் செருகி அழுத்துவது ஊர் வழக்கம். பார்க்க லட்சணமாக இருக்கும். எட்டு வருடத்தில் முப்பத்தேழு கம்பெனிகளுக்கு அப்படிப் போட்டிருந்தார். ஒவ்வொரு கேபிளின் நீளமும் தேதியும் அவருடைய நோட்டில் உண்டு. அந்தோணி போட்ட ஒயர் என்றால் மறுபேச்சு கிடையாது.

பல்லடம் ரோட்டில் தரணீதரனின் கம்பெனியும் அந்த நோட்டில் இருந்தது. ஆபீசிலிருந்து பேக்கிங் குடோன் வரைக்கும் எண்பது மீட்டர். குடோனில் உட்கார்ந்து ஒவ்வொரு அட்டைப்பெட்டியின் எண்ணையும் அளவையும் நிறத்தையும் கம்ப்யூட்டரில் ஏற்றியவள் சித்ராதேவி, அருப்புக்கோட்டைக்காரி. 2006 ஜூனில் எல்லாக் கேபிளும் வந்து சேரும் ஆபீசின் பழைய ஹப் பெட்டியை எடுத்துவிட்டு, பத்து மடங்கு வேகமான புது ஸ்விட்சை அந்தோணிராஜ்தான் மாட்டினார். அதற்குப் பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது. அவள் நாற்பது பெட்டி ஏற்றியிருப்பாள், ஆபீசில் முப்பத்தொன்று இருக்கும். ஆகஸ்டில் ஒரு சரக்கு தப்பான பட்டியலோடு கப்பலேறிவிட்டது.

தரணீதரன் குடோனுக்கே வந்து நின்றார்.

“ஏனுங்க அந்தோணி, ஒரே வார்த்தையில சொல்லுங்க. கோளாறு உங்க ஒயர்லயா, இந்தப் புள்ளை கையிலயா?”

அந்தோணிராஜ் கேபிளின் இரு முனைகளிலும் டெஸ்டரைச் செருகினார். ஒன்று முதல் எட்டு வரை பச்சை விளக்குகள் வரிசை தப்பாமல் எரிந்தன.

“ஒயரு சுத்தமா இருக்குங்க.”

“அண்ணே, நான் எண்ட்ரி போட்டுட்டுத்தான் எந்திரிச்சேன்,” என்றாள் சித்ராதேவி. “ஒண்ணு ரெண்டு போட்டா போகுது. மொத்தமா அனுப்புனா நடுவுல நிக்குது. அதையாவது பாருங்கண்ணே.”

“எட்டு லைட்டும் எரியுதேம்மா. நான் என்ன செய்ய?”

“செல்போனை நோண்டிட்டே எண்ட்ரி போட்டா, பொட்டி கப்பல்ல போகுமா, காத்துல போகுமா?” என்றார் பேக்கிங் மாஸ்டர் பழனிமுத்து. டேப் ஒட்டிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அவளிடம் செல்போனே கிடையாது.

சனிக்கிழமையோடு அவளை நிறுத்திவிட்டார்கள்.

அந்த நாற்காலிக்குத் தரணீதரனின் சித்தப்பா மகள் யாழினி வந்தாள். கம்ப்யூட்டர் பட்டம் படித்தவள். மூன்றாம் நாளே ஆபீசுக்குப் போன் செய்தாள். “அண்ணா, எனக்கும் நிக்குதுங்க.” அவளுடைய கையை யாரும் சந்தேகப்படவில்லை. நேராக அந்தோணிராஜுக்கு ஆள் போனது.

அவர் இரண்டு நாள் அங்கேயே கிடந்தார். நெட்வொர்க் கார்டை மாற்றினார். ஸ்விட்சில் வேறு துளையில் செருகினார். ட்யூப்லைட்டை ஒட்டிப் போன கேபிளைத் தள்ளிக் கட்டினார். மாறுதல் இல்லை. கடைசியில் குடோனிலிருந்து ஆபீசுக்கு கேபிள் வழியே ஆயிரம் சிறிய டேட்டா பாக்கெட் அனுப்பி, எத்தனை திரும்புகிறது என்று பார்த்தார். எல்லாமே திரும்பின. பெரிய பாக்கெட் ஆயிரம் அனுப்பினார். இருநூற்றுக்கு மேல் காணவில்லை.

ஒண்ணு ரெண்டு போட்டா போகுது, மொத்தமா அனுப்புனா நிக்குது. அவள் அன்றைக்கே சொன்னது.

ஸ்விட்சோடு பெட்டியில் வந்த குட்டி கேபிள் மேசைமேல் கிடந்தது. அதன் ஜாக்கில், பச்சை ஜோடியைப் பிரித்து நடுவில் நீல ஜோடியை வைத்திருந்தார்கள். முன்பொரு முறை அதைப் பார்த்து, அதைத் தயாரித்த கம்பெனிக்காரனுக்கே வரிசை தெரியவில்லை என்று சிரித்திருக்கிறார். இப்போது சிரிப்பு வரவில்லை. தம் கேபிளின் இரு முனைகளையும் வெட்டி, அதே மாதிரி போட்டார். பெரிய பாக்கெட் ஆயிரமும் திரும்பி வந்தன.

ஜாக்கின் மூன்றாவது, ஆறாவது துளைகளின் கம்பிகள் ஒரே முறுக்கில் போகவேண்டியவை. அவருடைய லட்சணமான வரிசையில் அவை வேறு வேறு ஜோடிகளில் போயின. பழைய ஹப்பின் வேகத்துக்கு அது தாங்கியது, புது வேகத்துக்குத் தாங்கவில்லை. டெஸ்டருக்குக் கம்பி முனைக்கு முனை போகிறதா என்பது மட்டும்தான் தெரியும்.

தரணீதரனிடம் உள்ளதைச் சொன்னார்.

“இப்ப சரியாப் போச்சுங்கல்லோ? உடுங்க.”

“அந்தப் புள்ளை மேல தப்பில்லீங்க.”

“அதுக்கு? யாழினிய எந்திரிக்கச் சொல்றதுங்களா?” கம்ப்யூட்டர் திரையிலிருந்து அவர் முகத்தைத் திருப்பவில்லை.

விசாரித்து விசாரித்து, சித்ராதேவியை ஒரு சின்ன யூனிட்டில் கண்டுபிடித்தார். தைத்து வந்த பனியனில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். கழுத்தில் கயிறு கட்டித் தொங்கிய நூல் கட்டருடன் டீ நேரத்தில் வாசலுக்கு வந்தாள். அவர் நடந்ததைச் சொன்னார்.

“நான் சொன்னேன்லண்ணே.”

“சொன்ன, தாயி. நான்தான் கேக்கல.”

தம் பெயர் அச்சடித்த தாளில் எழுதி வந்திருந்ததை நீட்டினார். கோளாறு கேபிளில்தான், அதைப் போட்டவன் நான், சித்ராதேவியிடம் குற்றமில்லை என்று மூன்று வரிகளும் கையெழுத்தும். அதை யாராவது படித்தால் முப்பத்தேழு கம்பெனியும் கைவிட்டுப் போகும் என்பது தெரிந்தேதான் எழுதினார்.

அவள் இரண்டு தடவை படித்தாள்.

“இத எங்க காட்டுறது? எங்கிட்ட தப்பில்லன்னு சொன்னா, என்ன தப்புன்னுதான முதல்ல கேப்பாங்க? இங்க யாருக்கும் எதுவும் தெரியாதுண்ணே. தெரியாமயே இருக்கட்டும்.”

தாளை மடித்து அவருடைய சட்டைப் பையில் வைத்தாள். மணி அடித்தது. உள்ளே போனாள்.

அந்தோணிராஜ் சைக்கிளை மிதித்து நோட்டில் முதல் பெயராக இருந்த கம்பெனிக்குப் போனார். “நாங்க கூப்பிடவே இல்லீங்களே, எல்லாம் நல்லாத்தானுங்க ஓடுது,” என்றார் மேனேஜர். “வேகமான ஸ்விட்ச் மாட்டுற வரைக்கும் ஓடும்ங்க,” என்று சொல்லிவிட்டு ஏணியைக் கேட்டார். சட்டைப் பையிலிருந்த தாளை எடுத்து மேனேஜருக்கு முன்னால் வைத்தார்.